பிறர் தூண்டுதல் இன்றி

அந்த லேப்டாப்புல சார்ஜு இருக்கா தம்பி? இல்ல, சும்மாதான் கேட்டேன். நீங்க வேலையப் பாருங்க.

இந்தாங்க, ஒரு பழம் எடுத்துக்கங்க. சிறுமலைப் பழம். தோலு கறுத்துருக்கேன்னு பாக்காதீங்க, அது அப்படித்தான் இருக்கும், உள்ள தேனா இனிக்கும். நேத்து ராத்திரி திண்டுக்கல்லுலருந்து மெட்ராஸ் வரைக்கும் போயிட்டு, இப்ப அதே பையில திரும்பி வருது. ஒரு பிரின்ஸ்பாலுக்குன்னு வாங்கிட்டுப் போனேன். வாங்கிக்க ஆள் இல்ல. அந்தப் பிரின்ஸ்பாலு எந்த ஊர்ல இருக்காருன்னே அங்க ஒருத்தருக்கும் தெரியல.

சங்கோஜப்படாம எடுத்துக்கங்க. திருச்சி தாண்டியாச்சு, இனி பஸ்ஸை எங்க நிறுத்தப் போறான்?

எனக்கு வேடசந்தூரு. குருநாதன்னு பேரு. பத்திரம் எழுதுறேன். பத்திர ஆபீஸுக்கு எதுத்தாப்புல வேப்பமரத்தடியில நாலு கடை இருக்கும், அதுல ரெண்டாவது நம்மளது. இப்ப கையில எழுதுறது இல்ல, பூராம் கம்ப்யூட்டருதான். ஆனா மாதிரி பழைய மாதிரிதான். ஒரு நல்ல கிரையப் பத்திரம் ஒண்ணு எழுதி வெச்சுக்கிட்டா, அடுத்து வர்றவுகளுக்கு பேரை மாத்து, ஊரை மாத்து, சர்வே நம்பரை மாத்து, முடிஞ்சது. நான் செஞ்சேன்னா சுத்தமா இருக்கும். ஒரு இடத்துல பழைய பேரு தங்கிப்போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு பத்திரம் திரும்பி வந்ததில்ல. எல்லாத்தையும் முழுசாப் படிச்சுக்கிட்டு இருந்தா வேலை ஓடுமா? கண்ணு பேருலயும் ஊருலயும் மட்டும் போய் நிக்கும். அது ஒரு பழக்கம்.

என்ன தம்பி? ஆங், பிரின்ஸ்பாலு. அதுக்குத்தான் வாறேன்.

எனக்கு ஒரே மக. சுபாஷினி. பன்னெண்டாவது. அவளுக்குச் சின்ன வயசுலருந்து வாய் திக்கும். கொஞ்சமில்ல, நல்லாவே திக்கும். ஒரு வார்த்தைய எடுத்துட்டான்னா அது வெளிய வர்றதுக்குள்ள எதுக்க நிக்கிறவங்களுக்கு வேர்த்துரும். நான் பெத்தவன், எனக்குத் தாங்குமா? அவ சொல்ல வந்ததை நானே சொல்லிருவேன். கடைக்குப் போனாலும் நான்தான், டாக்டர்கிட்டப் போனாலும் நான்தான். "என்ன பண்ணுது பாப்பா"ன்னு டாக்டரு அவளைக் கேப்பாரு, நான் பதில் சொல்லுவேன். வயித்து வலிய நான் சொல்லுவேன், அவ தலைய ஆட்டுவா. பதினேழு வருஷமா அப்படித்தான் ஓடுது.

பள்ளிக்கூடத்துலதான் நான் கூடப் போக முடியாதுல்ல. அங்க வெச்சுச் செஞ்சுட்டாங்க. கேலி, கிண்டல். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" சொல்ல முடியாம நிப்பாளாம், வகுப்பே சிரிக்குமாம். பத்தாவது முடிச்சதும் "போகமாட்டேன்"னு எழுதிக் காட்டிட்டு கதவைச் சாத்திக்கிட்டா. அப்பத்தான் எங்க வீட்டம்மாவோட சொந்தக்காரப் பிள்ளை ஒண்ணு இந்த ஆன்லைன் ஸ்கூலைச் சொல்லுச்சு. வீட்ல இருந்தே படிக்கலாம், கேள்விக்குப் பதிலை டைப் பண்ணாப் போதும், வாயத் தொறக்க வேண்டியதில்லன்னு.

நல்ல ஸ்கூலுதான் தம்பி, குத்தம் சொல்லக்கூடாது. தமிழுக்கு மெர்லின் மிஸ்ஸுன்னு ஒருத்தங்க, நாகர்கோவில்ல இருந்து எடுப்பாங்க. அவங்க கிளாஸ்னா எம்மவ குளிச்சு, பொட்டு வெச்சு, அரைமணி நேரத்துக்கு முன்னாடியே உக்காந்துருவா. டக்கு டக்குன்னு டைப் பண்ணுவா பாருங்க! அவ விரலுக்குத் திக்காது. உள்ள உக்காந்து தானாச் சிரிப்பா. அவ சிரிக்கிற சத்தத்தை நான் அந்த வருஷந்தான் கேட்டேன்னு வெச்சுக்கங்களேன்.

ஒண்ணே ஒண்ணு, அந்த ஸ்கூல்ல நேர்மை நேர்மைன்னு உயிர எடுப்பாங்க. சேரும்போதே ஒரு உறுதிமொழி. கேமரா முன்னாடி நின்னு வாசிக்கணும். "நான் என் பாடங்களை நானே எழுதுவேன், பிறர் எழுதியதை என்னுடையது என்று தரமாட்டேன், நான் எழுதியதைப் பிறர் தருவதற்குக் கொடுக்கமாட்டேன், தவறு நடந்தால் உண்மையைச் சொல்வேன்." சுபா முதல் வார்த்தையிலயே நின்னுட்டா. அவங்க "பரவால்ல, நேரம் எடுத்துக்கோம்மா"ன்னாங்க. எத்தனை நேரம் எடுக்க? நான் கேமராவுக்குள்ள வந்து அவளுக்குப் பதிலா கணீர்னு வாசிச்சு முடிச்சுட்டேன். எனக்கு இது என்ன புதுசா? எங்க பத்திரத்துல எல்லாத்துலயும் இதே வாசகந்தானே. "யாதொருவர் தூண்டுதலும் இன்றி, என் சுயநினைவுடனும் முழு மனச்சம்மதத்துடனும் எழுதிக் கொடுத்தது." எழுதுறது நானு, கையெழுத்துப் போடுறது அவங்க. உலகம் அப்படித்தான் நடக்குது.

முதல் கட்டுரைக்கே பிரச்சனை வந்துச்சு. "எங்கள் ஊர் ஆறு"ன்னு தலைப்பு. அன்னிக்கு அவளுக்குக் காய்ச்சல். சரி, பிள்ளை முடியாமக் கிடக்கேன்னு குடகனாத்தைப் பத்தி நானே ரெண்டு பக்கம் எழுதி அனுப்பி வெச்சேன். எல்லா வீட்லயும் செய்யிறதுதானே தம்பி? சார்ட்டுப் படம் அம்மா வரையும், ராக்கெட்டு மாதிரி அப்பன் ஒட்டுவான். நீங்க படிக்கும்போது உங்க வீட்ல செய்யலையா? பாத்தீங்களா, சிரிக்கிறீங்க.

ஆனா நமக்குக் கை ஒரு பக்கமாவே ஓடிப் பழகிருச்சு. "மேற்படி ஆறானது"ன்னு ஆரம்பிச்சு, நாலு எல்லையும் சொல்லி, "இதன் மத்தியில் ஓடுகிற நீர்வழி"ன்னு போட்டுட்டேன் போல. மெர்லின் மிஸ்ஸு திருப்பி அனுப்பிட்டாங்க. கீழ ஒரு வரி. "சுபா, இந்தக் கட்டுரையில் உன்னைத் தேடினேன், காணவில்லை." அதோட ஒரு எச்சரிக்கை. சுபா ரெண்டு நாளு எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. நல்லது செஞ்சாலும் பொல்லாப்புன்னு நான் விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் அவ எழுதுறது எதையும் எனக்குக் காட்டமாட்டா.

இந்த வருஷம் பெரிய கட்டுரை ஒண்ணு. சொந்த அனுபவத்தை எழுதணும், மார்க்கு சேரும். சுபா ராவும் பகலுமா உக்காந்து எழுதுனா. அடிப்பா, அழிப்பா, மறுபடி அடிப்பா. சாப்பாடு ஆறிப்போயிரும். ஒருநாளு அவளா என் பக்கத்துல வந்து நின்னா. "அப்பா, இ... இதை"ன்னா. "பிரிண்ட் எடுக்கணுமா?"ன்னேன். தலைய ஆட்டுனா. பேப்பர்ல வெச்சுப் பாத்துத் திருத்தணுமாம். அத எங்கிட்டக் குடுத்தா பாருங்க, எனக்கு மனசு குளுந்துபோச்சு. ஃபைலை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டா. பிரிண்ட் எடுத்து, ஒரு ஃபைலு அட்டையில போட்டு, பத்திரம் குடுக்கிற மாதிரி மரியாதையாக் கொண்டுபோய்க் குடுத்தேன். வாங்கி நெஞ்சோட வெச்சுக்கிட்டா.

சரி. இப்ப கேளுங்க.

பெத்தவங்களுக்குன்னு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கு. நான்தான் அட்மின். சும்மா ஆகல தம்பி, எல்லாருமாச் சேந்து "குருநாதன் அண்ணன்தான் பொறுப்பா இருப்பாரு"ன்னு ஆக்குனாங்க. யாருக்கு என்ன சந்தேகம்னாலும் எங்கிட்டதான் வருவாங்க. அதுல காரைக்குடியில உமையாள்னு ஒரு அம்மா. பாவம், வீட்டுக்காரரு தவறிட்டாரு. ஒரே பையன், வைரவன்னு பேரு, சுபா கிளாஸுதான். அந்தம்மா போன் பண்ணி அழுகுது. "அண்ணே, இவனுக்குக் கட்டுரையே வரல, விளையாண்டுக்கிட்டே இருக்கான், ஒரு மாதிரி இருந்தாக் குடுங்கண்ணே, பாத்து எழுதிக்குவான்."

மாதிரி கேட்டாங்கன்னா நான் இல்லேன்னு சொன்னதே கிடையாது. எங்க மரத்தடியில ஒருத்தரு மாதிரிய ஒருத்தரு வாங்கிக்கிறதுதான். அது எங்களுக்குள்ள ஒரு மரியாதை. "உன் மாதிரிய வெச்சுத்தான்யா எழுதுனேன்"னு சொன்னா அவனுக்கு டீ வாங்கிக் குடுப்போம். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சுபாவோட கட்டுரை கிடந்துச்சு. அனுப்பிட்டேன். அப்படியே அனுப்பலை, பொம்பளப்பிள்ளை எழுதுனதை ஆம்பளப்பையன் என்ன செய்வான்? நானே உக்காந்து சுபாஷினிய வைரவனாக்கி, வேடசந்தூரைக் காரைக்குடியாக்கி, ரெட்டைச் சடையப் பிடிச்சு இழுத்தான்னு ஒரு இடத்துல இருந்துச்சு, அதைச் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்தான்னு மாத்தி, சுத்தமாப் பண்ணி அனுப்புனேன். பேரு ஒரு இடத்துல தங்கல. அம்புட்டுத்தான் நான் செஞ்சது. ஒரு விதவைத் தாய்க்குச் செஞ்ச ஒத்தாசை. இதுல என்ன தப்பு இருக்கு, நீங்களே சொல்லுங்க.

அந்தப் பய அதை ஒரு எழுத்து மாத்தாம அன்னிக்குச் சாயங்காலமே அனுப்பிட்டான். பாத்து எழுதிக்கடான்னா, அனுப்பியே விட்டுட்டான். எம்மவ பேப்பர்ல வெச்சுத் திருத்தி, அதை மறுபடி டைப் பண்ணி, இன்னும் ரெண்டு வரி அழிச்சு, நாலு நாளு கழிச்சு அனுப்புறா. காப்பியடிச்சதைக் கண்டுபிடிக்கன்னே ஸ்கூல்ல ஒரு மெஷினு வெச்சிருக்காங்க, அது ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்துருச்சு. எவன் முன்னாடி அனுப்புனானோ அவனுது அசலு. பின்னாடி அனுப்புனவ களவாணி. மெஷினுக்கு என்ன தெரியும்? எம்மவளை மெஷினு திருடின்னு சொல்லிருச்சு தம்பி.

ஸ்கூல்லருந்து வந்த அந்த மெயிலை அவ படிச்சப்ப நான் பக்கத்துல இல்ல. எங்க வீட்டம்மா சொன்னா. மறுபடி மறுபடி அதையே படிச்சாளாம். அழுகலையாம். அப்புறம் எழுந்திரிச்சுப் போய் பிரிண்ட் எடுத்த பேப்பரைக் கொண்டாந்து அவ அம்மாகிட்டக் காட்டி, வார்த்தை வராம நின்னுட்டு, கடைசியில ஒரு நோட்டுல எழுதிக் காட்டுனாளாம். "என்னோடதுன்னு எனக்கு இது ஒண்ணுதாம்மா இருந்துச்சு."

எனக்கு ஆபீஸ்ல கையும் ஓடல காலும் ஓடல. அன்னிக்கு ஒரு தானப் பத்திரத்துல அப்பன் பேரை மகன் பேருன்னு போட்டுட்டேன்.

விசாரணைன்னு ஒண்ணு வெச்சாங்க. நடத்தைக் குழுவாம். திரையில மூணு கட்டம். மெர்லின் மிஸ்ஸு ஒரு கட்டம், ஒரு கண்ணாடிக்காரரு ஒரு கட்டம், இன்னொரு அம்மா, அது பேசவே இல்ல, குறிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் கேமராவுல படாம சுவரோரமா ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். பெத்தவங்க இருக்கலாம், பேசக்கூடாதுன்னு விதி.

கண்ணாடிக்காரரு கட்டுரைய எடுத்துவெச்சு வாசிச்சாரு. அப்பத்தான் தம்பி அதை நானு முழுசாக் கேக்குறேன். அட்டெண்டன்ஸ் எடுக்கிறது, வகுப்பு சிரிக்கிறது, பாத்ரூம்ல போய் நின்னு "உள்ளேன் ஐயா"ன்னு சுவத்துக்கிட்டச் சொல்லிப் பாத்தது, அதெல்லாம் எழுதியிருக்கா. அவரு வாசிச்சுக்கிட்டே போறாரு. அப்புறம் ஒரு இடம் வந்துச்சு. "என் அப்பா என் வாக்கியங்களை எனக்கு முன்னால் முடித்துவிடுவார். அவர் முடிப்பது நான் சொல்ல வந்தது அல்ல. ஆனாலும் தலையாட்டிவிடுவேன், ஏனென்றால் அவர் பாவம்."

அதென்ன அப்படி எழுதியிருக்கா? நான் என்ன தப்பாவா முடிச்சேன்? ஆங்? வயித்து வலிய வயித்து வலின்னுதானே சொன்னேன்? அந்த வைரவனுக்கு அப்பனே கிடையாது, அவன் அந்த வரியோடயே அனுப்பியிருக்கான். பேரு ஊரு மட்டுந்தானே நான் பாத்தேன், அதை நான் கவனிக்கல.

சரி, அதை விடுங்க.

மெர்லின் மிஸ்ஸு ரொம்பப் பிரியமாக் கேட்டாங்க. "சுபா, இதை நீ அனுப்புறதுக்கு முன்னால வேற யாராவது பார்த்தாங்களா? யார் கையிலயாவது இருந்துச்சா? யாராவது எடுத்துக் குடுத்திருந்தா அதைச் சொல்லிரு. அது அவ்வளவு பெரிய தப்பில்ல, சரி பண்ணிரலாம். பொய் சொன்னாத்தான் எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. மெதுவாச் சொல்லு, நாங்க காத்திருக்கோம்."

சுபா வாயத் தொறந்தா. வரல. கழுத்து நரம்பு புடைக்குது, உதடு நடுங்குது, வரல. அவங்க மூணு பேரும் அசையாம இருக்காங்க. காத்துக்கிட்டே இருக்காங்க. இப்படியா ஒரு பிள்ளைய வெச்சுக்கிட்டுக் காத்திருப்பாங்க? ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது. எனக்கு அந்த அமைதி தாங்கல தம்பி. ஆண்டவன் சத்தியமாத் தாங்கல. அவ என் பக்கம் திரும்பிப் பாத்தா. எதுக்குப் பாத்தான்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்றீங்களாப்பான்னு கேக்குற மாதிரிப் பாத்தா.

அதுக்கு முந்தின நாளுதான் உமையாள் அம்மா போன் பண்ணி, "அண்ணே, எம்பையன் பேரு வராமப் பாத்துக்கங்க, தகப்பன் இல்லாத பிள்ளை"ன்னு சொல்லுச்சு. நானும் வாக்குக் குடுத்துட்டேன். குரூப்புல நூத்துச் சொச்சம் பேரு இருக்காங்க. அட்மினே பிள்ளை எழுதுனதை எடுத்து இன்னொரு பிள்ளைக்குக் குடுத்தான்னு வந்தா என்ன ஆகும்? ஊர்ல பத்திரம் எழுதுறவன் தம்பி நான். எனக்குன்னு இருக்கிறது அந்தப் பேரு ஒண்ணுதான்.

ஸ்டூலை விட்டு எழுந்திரிச்சுக் கேமராவுக்கு நேரா வந்தேன். "யாருமே பாக்கலைன்னு சொல்ல வர்றா சார். பிள்ளைக்குத் திக்கும், மன்னிச்சுக்கங்க"ன்னேன்.

கண்ணாடிக்காரரு என்னையப் பாக்கல. "சுபாஷினி, நீ சொல்ல வந்தது அதுதானா?"ன்னாரு.

அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. அப்புறம் திரையப் பாத்து "ஆமா"ன்னா.

அந்த ஒரு வார்த்தை மட்டும் திக்காம வந்துச்சு தம்பி. பளிச்சுன்னு வந்துச்சு. மெர்லின் மிஸ்ஸு கண்ணாடிக்காரருகிட்ட என்னமோ சொல்ல வந்தாங்க. கேமராவ அமத்திட்டாங்க. அவங்க கட்டம் கறுப்பாப் போச்சு.

எங்க வீட்டம்மா அன்னையிலருந்து எனக்குச் சோறு மட்டுந்தான் போடுறா. "போனைக் காட்டிருங்க, ஆபீஸ் கம்ப்யூட்டரைக் காட்டிருங்க, எம்பிள்ளை தப்பிச்சுக்கிருவா"ன்னு ஒரே பாட்டு. எப்படிம்மா காட்டுறது? இப்பக் காட்டுனா, அன்னிக்குச் சொன்னது பொய்யின்னு ஆகும்ல? பொய் சொன்னாத்தானே ஒண்ணும் செய்ய முடியாதுன்னாங்க. வாக்குக் குடுத்தாச்சு, வார்த்தைய விட்டாச்சு. எந்தப் பக்கம் திரும்புனாலும் முட்டுது தம்பி. நான் என்ன செய்வேன்?

நேர்ல போனா எதையும் சரி பண்ணிரலாம்னு ஒரு தைரியம் எனக்கு. எத்தனை ஹெட்மாஸ்டருகளைப் பாத்திருக்கோம். ஆபீஸ் ரூமு வாசல்ல போய் நின்னு, பழத்தை மேசை மேல வெச்சு, "ஐயா, நீங்க பாத்துச் செய்யணும்"னு கையெடுத்துக் கும்புட்டா இரங்காத ஆளு உண்டா? அதான் நேத்து கிளம்பிட்டேன். மெட்ராஸ்ல விலாசத்தைத் தேடிப் பிடிச்சுப் போனா, பெரிய கண்ணாடிக் கட்டடம். நாலாவது மாடி. ஒரு நீள மேசையில பத்துப் பதினஞ்சு பிள்ளைக காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. மணி இல்ல, மைதானம் இல்ல, ஒரு கரும்பலகை இல்ல. "பிரின்ஸ்பாலைப் பாக்கணும்மா"ன்னேன். ஒரு பாப்பா, நல்ல பிள்ளை, தண்ணி குடுத்துச்சு. "இங்க கணக்கு வழக்குப் பாக்குறவங்க மட்டுந்தான் இருக்கோம் அங்கிள். ஸ்கூல் இங்க இல்ல"ன்னுச்சு. "அப்ப ஸ்கூல் எங்கம்மா இருக்கு?"ன்னேன். அந்தப் பிள்ளை சிரிக்கல. "எல்லாரும் அவங்கவங்க வீட்ல இருக்காங்க அங்கிள். மெயில் போடுங்க"ன்னுச்சு.

யாரு கால்ல போய் விழுகிறது தம்பி? விழுகிறதுக்கு ஒரு கால் வேணும்ல? நான் அந்த லிஃப்டுக்கு முன்னாடி பழப்பையோட நின்னுக்கிட்டே இருந்தேன். எனக்கு அழுகையா வந்துருச்சு. அந்தப் பிள்ளைகளுக்குப் பழம் குடுத்தேன், வேணாம்னுட்டாங்க.

இப்ப விசயம் என்னான்னா, ஒரே ஒரு வழி வெச்சிருக்காங்க. மெர்லின் மிஸ்ஸு சண்டை போட்டு வாங்கிக் குடுத்ததாம். என்ன நடந்துச்சுன்னு சுபா தன் சொந்த வார்த்தையில ஒரு பக்கம் எழுதி அனுப்பணும். இன்னிக்குள்ள. அனுப்புனா மறுபடி பாப்பாங்க. அனுப்பலைன்னா பேரை எடுத்துருவாங்க. பரீட்சை எழுத முடியாது, வருஷம் போச்சு. போறது மட்டுமில்ல, சர்ட்டிபிகேட்டுல நேர்மை இல்லாத பிள்ளைன்னு எழுதிருவாங்களாம். அதை வெச்சுக்கிட்டு எந்தக் காலேஜுல போய் நிப்பா? வாயும் வராத பிள்ளை, எழுதுனதும் களவுன்னு ஆயிட்டா அவ எதை வெச்சுப் பொழைப்பா?

அவ எழுதமாட்டேங்குறா. மூணு நாளா அந்த லேப்டாப்பைத் தொடல. மூடி, மேல துணியப் போட்டு வெச்சிருக்கா.

விக்கிரவாண்டியில வண்டி நின்னப்ப அவளுக்கு மெசேஜ் போட்டேன். "தங்கம், எழுதிட்டியாடா"ன்னு. பதில் போட்டா. இருங்க, காட்டுறேன். கண்ணாடிய எடுத்துப் பைக்குள்ள வெச்சுட்டேன். நீங்களே வாசிங்க.

"இல்லப்பா. நான் என்ன சொல்ல வர்றேன்னு நீங்களே சொல்லிருங்க."

பாத்தீங்களா? தங்கமான பிள்ளை தம்பி. ஒரு வார்த்தை கோவமாப் பேசலை பாருங்க. அவளே எங்கிட்ட ஒப்படைச்சுட்டா. எங்க வீட்டம்மாகிட்ட இதை வாசிச்சுக் காட்டுனேன் போன்ல, அவ போனை வெச்சுட்டா. இவளுகளுக்கு என்னையப் புரியவே இல்ல.

நானே எழுதிருவேன். ஆனா நான் எழுதுனா மேற்படி, கீழ்க்கண்டன்னு வந்துருது, அந்த மிஸ்ஸு கண்டுபிடிச்சுருவாங்க. நீங்க வயசுப் பிள்ளை. அந்த வயசு எழுத்து உங்களுக்கு வரும். திண்டுக்கல்லு போறதுக்குள்ள ஒரு பக்கம். அதான் சார்ஜு இருக்கான்னு கேட்டேன். பெரிசா ஒண்ணும் வேணாம். நான்தான் எழுதுனேன், யாருக்கும் குடுக்கல, எப்படி நடந்துச்சுன்னு எனக்கே தெரியல, மன்னிச்சுருங்க. இம்புட்டுத்தான். கொஞ்சம் அழுகிற மாதிரி இருந்தா நல்லாருக்கும். எம்மவளுக்கு அழுகத் தெரியும், சொல்லத்தான் வராது.

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க?

கையெடுத்துக் கும்புடுறேன் தம்பி. உங்க தங்கச்சின்னு நெனச்சுக்கங்க. வேற யாருகிட்டப் போய்க் கேப்பேன், சொல்லுங்க? எனக்கு வேற ஒண்ணும் தெரியல. பிள்ளை தொண்டைக்குழி புடைக்க நிக்கிறது கண்ணுக்குள்ளயே நிக்குது.

தொறங்க. அப்படி வைங்க. வெளிச்சம் அடிக்குதா, இருங்க, நான் ஜன்னல் திரைய இழுத்து விடுறேன். உங்க இஷ்டம்போல எழுதுங்க, நான் குறுக்க பேசமாட்டேன்.

கடைசி வரி ஒண்ணு மட்டும் கண்டிப்பா இருக்கணும்னு ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க. யாருடைய உதவியும் தூண்டுதலும் இல்லாம இதை நானே எழுதினேன்னு. அந்த வரிக்கு நீங்க சிரமப்பட வேணாம் தம்பி, அதை நான் சொல்றேன். எனக்கு அது மனப்பாடம்.